ஒரு பாட்டுக்கு எத்தனை கூடம்?

பங்குனியில் திருப்பரங்குன்றத்து முருகனுக்குக் கல்யாணம். பெற்றோர் முறைக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சுந்தரேசுவரரும் புறப்பட்டு வருவார்கள். அந்த நாட்களில் திருநகர்ப் பக்கம் மைக் செட்காரர்களுக்குக் கை ஓயாத வேலை. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடியும் முன்பே டி.எம்.எஸ். பாட்டைப் போட்டுவிடுவார்கள். மதுரையில் பிறந்தவர், மதுரைக்கே பாடுகிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் காதில் ஏழெட்டு டி.எம்.எஸ். பாடுகிறார்கள். ஒருவர் வரியை முடித்திருப்பார், இன்னொருவர் முடித்துக்கொண்டிருப்பார், தூரத்தில் ஒருவர் அப்போதுதான் கடைசிச் சொல்லுக்கு வந்திருப்பார்.

ஒயரில் மின்சாரம் ஓடுகிற வேகத்தில் எல்லாக் குழாயும் ஒரே கணத்தில்தான் பாடுகின்றன. காற்றில் வரும் ஒலிக்குத்தான் நேரம் பிடிக்கிறது. மே மாத நண்பகலில், 38 டிகிரி வெயிலில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 354 மீட்டர் போகும். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 343 மீட்டர். கணக்குக்காக 350 என்று வைத்துக்கொள்வோம். 35 மீட்டருக்கு ஒரு குழாய் கட்டியிருந்தால், முதல் குழாயடியில் நிற்கிறவருக்கு இரண்டாவது குழாயின் சத்தம் பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். மூன்றாவது, பத்தில் இரண்டு. வேகமான குத்துப்பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுமார் அரை நொடி. ஆறாவது குழாயின் அடி வந்து சேரும்போது, தலைக்கு மேலிருக்கும் குழாய் அடுத்த அடியைப் போட்டுவிட்டிருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் டிலே என்று சொல்லும் வித்தையை, யாரும் கேட்காமலேயே, தெரு செய்து காட்டுகிறது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமென்றால் அது பத்தில் ஒரு நொடியாவது பிந்தி வர வேண்டும், ஆகவே சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பரீட்சைக்கு அது போதும். பாட்டுக்குப் போதாது. தனியாகக் கேட்காத எதிரொலிதான் இசையில் பாதி வேலையைச் செய்கிறது.

1949-இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் தம் ஆய்வேட்டில் இதை அளந்து காட்டினார். ஒரே பேச்சை இரண்டு ஸ்பீக்கரில் விட்டு, ஒன்றை மட்டும் சிறிது பிந்த வைத்தார். பிந்திய சத்தம் 30 மில்லிநொடிக்குள் வந்தால் கேட்பவர் இரண்டு சத்தத்தை உணர்வதே இல்லை. குரல் கனமாக, முழுதாகத் தோன்றும். வருகிற திசையோ முதலில் பாடிய ஸ்பீக்கர் பக்கம்தான் என்று காது அடித்துச் சொல்லும். பிந்தியது முந்தியதைவிடக் கொஞ்சம் உரக்க ஒலித்தாலும் இதே தீர்ப்புதான். சுமார் 50 மில்லிநொடியைத் தாண்டினால் பேச்சு இரண்டாகப் பிளக்கத் தொடங்குகிறது. இசைக்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. காது எதிரொலியைக் கேட்கிறது என்பதைவிட அதை வைத்து இடத்தை அளக்கிறது என்று சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கதவைத் திறந்தால், உள்ளே இருப்பது ஸ்டோர் ரூமா கல்யாண மண்டபமா என்பதை ஒரு செருமலிலேயே கண்டுபிடித்துவிடுகிறோமே, அந்த அளவைதான்.

மூடிய இடத்தில் ஒருவர் கைதட்டினால் மூன்று விஷயம் அடுத்தடுத்து வருகிறது. முதலில் கையிலிருந்து நேராக வரும் சத்தம். அடுத்து, பக்கத்துச் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் ஒரு தரம் மோதித் திரும்பும் நாலைந்து சத்தங்கள். அறை எவ்வளவு பெரிது என்று இவை சொல்லிவிடும். அதன் பிறகு, மோதியது மறுபடி மோதி, ஆயிரக்கணக்கில் பெருகி, ஒன்றோடொன்று கலந்து தேய்ந்து மறையும் வால். இந்த வாலைத்தான் பாடப்புத்தகம் எதிர்முழக்கம் என்கிறது, மிக்சரில் ரிவர்ப் என்று எழுதியிருக்கும். சுவரில் என்ன பூசியிருக்கிறது, உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வாலில் தெரியும்.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவுக் கூடத்தில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்தரை நொடி நின்றது. அதற்குள் பேச்சாளர் பத்துப் பதினைந்து சொல் தாண்டிவிடுவார். சபைன் இரவு நேரங்களில், ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழாயையும் ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டு அளந்தார். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்புவார், அளப்பார், இன்னும் சில மெத்தைகளைப் பரப்புவார், மறுபடி அளப்பார், விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். கடைசியில் கிடைத்தது ஒரே வரிச் சூத்திரம்: கூடத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்கம் நிற்கும் நொடிகள் கிடைக்கும். ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேயும் வரையிலான நேரம் அது. அந்தச் சூத்திரத்தை வைத்து அவர் ஆலோசனை சொன்ன பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900-இல் திறந்தது. இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாகவே அதைச் சொல்கிறார்கள்.

சூத்திரத்தை நம்மூர்க் கல்யாண மண்டபத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 30 மீட்டர், அகலம் 15, உயரம் 5. கன அளவு 2250 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 1350 சதுர மீட்டர். தரையில் கிரானைட், சுவரில் பெயின்ட் அடித்த சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். இவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குகூட உறிஞ்சுவது கடினம். தாராளமாக நான்கு என்றே வைத்தால் உறிஞ்சும் பரப்பு 54 சதுர மீட்டர். முழக்கம் 6.7 நொடி. சபைனுக்கு வாய்த்த கூடத்தைவிட மோசம். இப்போது முகூர்த்த நேரம், நானூறு பேர் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். உடுப்போடு சேர்த்து ஓர் ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கு, அதாவது விழும் ஒலியை முழுதும் விழுங்கிவிடும் பரப்புக்குச் சமம். கொஞ்சம் குறைத்து 0.45 என்று போட்டாலும் 180 சதுர மீட்டர் கூடுகிறது. முழக்கம் ஒன்றரை நொடிக்கு இறங்கிவிடும். அதே மண்டபம், அதே ஸ்பீக்கர். முந்தின நாள் மாலை, ஆள் வருமுன் மைக் டெஸ்டிங் செய்து குமிழ்களைத் திருகி வைத்துவிட்டுப் போனவர் வேறொரு மண்டபத்துக்கு வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். மண்டபத்தில் ஒலிக்கு மிகப் பெரிய மெத்தை நாம்தான். பந்திக்கு எல்லோரும் எழுந்து போனதும் நாதஸ்வரம் திடீரென்று காதைக் குடைவது ஏன் என்பதற்கும் இதுதான் விடை.

கல்லால் கட்டியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேவலை. மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண். கல் ஒலியை உறிஞ்சாது, சரி. ஆனால் சிற்பம் செதுக்கிய அத்தனை தூணும் தன்மேல் விழும் ஒலியைக் கண்ட பக்கமெல்லாம் சிதறடிக்கும். தட்டையான எதிர்ச்சுவர் இருந்தால் ஒலி ஒரே கட்டியாகத் திரும்பி வந்து படாரென்று விழும். தூண்களுக்கு நடுவே அது பொடிப்பொடியாகப் பிரிந்து மென்மையாகத் தேய்கிறது. இன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் மேடுபள்ளமாகச் செய்த மரச்சட்டங்களைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்களே, அவை செய்வதும் இதே சிதறடிப்புதான். ஒலிக்காகத்தான் நாயக்கர் காலத்துச் சிற்பிகள் செதுக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படி எழுதும் வழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம். விளைவு நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

அதே கோயிலின் ஆடி வீதியில் கதை வேறு. இரண்டு பக்கமும் எதிரெதிரே உயர்ந்த கல்மதில். நடுவே நின்று ஒரு தட்டு தட்டினால் ஒலி இரு மதிலுக்கும் இடையே பந்தாடப்பட்டுப் படபடக்கும். தவில் அங்கே போகும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிழல் விழுவதைக் கேட்கலாம். திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்க விலாசத்தில் இன்னொரு குணம். வளைந்த குவிமாடம் ஒலியைப் பரப்பாமல் குவிக்கும். நிற்கிற இடம் சற்று மாறினாலும் கேட்பது மாறிவிடும். பீஜப்பூர் கோல்கும்பாசில் இந்த வளைவு வித்தை உச்சத்துக்குப் போய், சுவரோரம் கிசுகிசுத்தது எதிர்ப்பக்கம் கேட்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தை 1921-இல் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் நம் சி.வி. ராமன். மிருதங்கம், தம்புரா பற்றி அவர் ஆராய்ந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான்.

இடம் இப்படி என்றால் இசையும் அதற்கேற்பத்தான் வளரும். ஐரோப்பியப் பெரிய தேவாலயங்களில் முழக்கம் ஐந்து நொடிக்கு மேலும் நிற்கும். அங்கே வளர்ந்த பிரார்த்தனைப் பாட்டு நிதானமாக, ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்கு நீண்டு நகரும். முந்தைய சுரத்தின் வால் புதியதோடு சேர்ந்து தானே ஓர் இணைப்பாகிவிடும். அந்தக் கூடத்தில் ஒரு கர்நாடக வித்வானை உட்காரவைத்துத் துரித கால கல்பனாசுரம் பாடச் சொல்லுங்கள். நொடிக்கு எட்டு சுரம் என்றால், ஐந்து நொடி முழக்கத்தில் எந்தக் கணத்திலும் நாற்பது சுரம் காற்றில் தேய்ந்துகொண்டிருக்கும். கமகத்தின் நெளிவு முழுக்க அழிந்து ஒரே இரைச்சல்தான் மிஞ்சும். நம் இசை சிறிய சபையிலும், வீட்டுக் கூடத்திலும், திறந்த வீதியிலும் வளர்ந்தது. வீதியில் மேலே போன ஒலி திரும்பி வராது. நாதஸ்வரத்தின் ஓங்கிய குரலுக்கு அங்கே கூடத்தின் துணையே வேண்டியதில்லை. உள்ளே பாடுகிறவருக்குப் பின்னால் தம்புரா இருக்கிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே மௌனம் வெறுமையாகிவிடாமல், ஆனால் பாட்டின் எழுத்தைக் கலைக்காமல், அது நிரப்பிவிடுகிறது. முழக்கம் செய்யும் உபகாரத்தில் பாதியை அதன் உபத்திரவம் இல்லாமல் தம்புரா செய்கிறது என்பது என் எண்ணம்.

ஒலிப்பதிவு வந்தபோதுதான் கூடத்தைக் கழற்றித் தனியே எடுக்க வேண்டிய தேவை வந்தது. மைக்கை வாயருகே வைத்துப் பதிந்த குரல் உலர்ந்து கிடக்கும். அதற்கு ஒரு கூடம் வேண்டும். 1947-இல் சிகாகோவில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஸ்டூடியோவின் குளியலறையில் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்து, பதிந்த இசையை அங்கே ஒலிக்கவிட்டு, ஓடுகளில் மோதி வந்ததைத் திரும்பப் பிடித்துக் கலந்தார். ஹார்மோனிகா குழு ஒன்றின் அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. குளியலறையில் பாடினால் எல்லோருக்கும் குரல் நன்றாக இருக்கும் என்ற உலக ரகசியத்தைத் தொழிலாக்கியவர் என்று அவரைச் சொல்லலாம்.

எல்லா ஸ்டூடியோவிலும் பெரிய கல் அறை கட்ட முடியாது. 1957-இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட, அரை மில்லிமீட்டர் கனமே உள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொங்கவிட்டது. இசை தகட்டை அதிரவைக்கும், அதிர்வு விளிம்புகளில் மோதிமோதித் திரும்பும், தகட்டில் ஒட்டிய உணரி அதைப் பிடித்துக்கொள்ளும். ஹாமண்ட் ஆர்கனிலும், பின்னர் 1960-களில் ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும் அதே வேலையைச் சுருள்வில் செய்தது. அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி நகர்த்தினால் உள்ளே இடி இடித்தாற்போல் கேட்பது அந்த வில்தான்.

டிலேக்கு டேப்பே போதுமானதாக இருந்தது. டேப் ரிக்கார்டரில் பதியும் தலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் படிக்கும் தலை இருக்கும். டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடி, இரண்டு தலைக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இருந்தால், பாடியது 0.13 நொடி கழித்துத் திரும்ப வரும். அதை மூலக் குரலோடு கலந்தால் ஒரு துள்ளல் கிடைக்கிறது. மெம்பிசில் சாம் ஃபிலிப்ஸ் 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியின் குரலைப் பதிந்தபோது செய்தது இதைத்தான். திரும்ப வந்ததையே மறுபடி உள்ளே அனுப்பினால் இரண்டு, மூன்று, நான்கு என்று தேய்ந்துகொண்டே போகும். அனுப்பும் அளவைக் கூட்டினால் தேயாமல் வளரத் தொடங்கி ஊளையிடும்.

கணினியில் இது வெறும் எண் சேமிப்பு. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்தால், அரை நொடி டிலேக்கு 22,050 எண்களை வரிசையில் நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக வெளியே விட வேண்டும். ரிவர்ப் அதைவிடக் கடினம். பெல் ஆய்வகத்தின் மான்ஃபிரட் ஷ்ரோடர் 1962-இல் அதற்கு வழி காட்டினார். நொடிக்கு ஓர் ஆயிரம் எதிரொலியாவது இருந்தால்தான் காது அதை இயல்பான கூடமென்று நம்பும். வெவ்வேறு நீளமுள்ள சில டிலேக்களைத் திருகி முறுக்கி இணைத்தாலே அந்த ஆயிரம் தானாகப் பெருகும் என்றார். இன்று கைப்பேசிச் செயலியில் பாட்டுப் பாடி ‘ஹால்’ என்ற பொத்தானை அமுக்குகிறவர் இந்த வம்சத்தின் வாரிசைத்தான் அமுக்குகிறார். உண்மையான கூடத்தையே பிடித்துவைக்கும் வழியும் இப்போது உண்டு. நடுவே ஒரு பலூனை வெடித்து, அதன் வாலைப் பதிந்து வந்தால், எந்தப் பாட்டையும் அந்தக் கூடத்துக்குள் கணக்காகவே நுழைத்துவிடலாம். பாரீஸ் நோத்ர்தாம் தேவாலயம் 2019-இல் எரிந்தபோது, 2013-இல் அதற்குள் எடுத்திருந்த ஒலி அளவுகள் பெரிய ஆறுதலாக இருந்தன.

தமிழ் சினிமா எதிரொலிக்கு வைத்த அர்த்தங்களைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். அசரீரிக்கு எக்கோ, மனசாட்சிக்கு எக்கோ, வில்லன் சிரிப்புக்கு எக்கோ. மிமிக்ரி கலைஞர்கள் கருவியே இல்லாமல் வாயாலேயே வசனத்தின் கடைசிச் சொல்லை நாலு தரம் தேய்த்துச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். இதற்குள் அறிவியலும் இருக்கிறது. ஒருவர் நம்மை விட்டு விலகிப் போகும்போது நேராக வரும் சத்தம் குறையும், கூடத்தின் முழக்கம் குறையாது. இந்த விகிதத்தைக் கொண்டுதான் காது தூரத்தைக் கணிக்கிறது. முழக்கத்தைக் கூட்டினால் குரல் தள்ளிப் போகும். உயரத்திலிருந்தோ, பழைய நினைவிலிருந்தோ பேசுவதுபோல் ஆகும். முழக்கமே இல்லாத குரல் காதோரம் வந்து பேசும். நல்ல ஒலிப்பதிவில் பாடகர் நம் எதிரிலும், வயலின் கூட்டம் பத்தடி பின்னாலும், கோரஸ் அதற்கும் பின்னாலும் நிற்பது இப்படித்தான்.

1995-இல் வந்த ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டு திருமலை நாயக்கர் மகாலில் எடுக்கப்பட்டது. தூணும் வளைவும் கண்ணுக்குத் தெரிகின்றன. காதில் விழும் விசாலமோ மகாலுடையது அல்ல, ஸ்டூடியோவில் உண்டாக்கியது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவதால் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை.

டிலேக்கு லயத்தோடும் சம்பந்தம் உண்டு. நிமிடத்துக்கு நூறு அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 600 மில்லிநொடி. டிலேயை 300-க்கோ 450-க்கோ வைத்தால் எதிரொலி தாளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு கிட்டாரை இரண்டு கிட்டாராகக் காட்டும். 520-க்கு வைத்தால் கூட வாசிக்கத் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். கச்சேரியில் காலப்பிரமாணம் கடிகாரம்போல் ஓடுவதில்லை, மூச்சு விடுகிறது. அதில் தாளத்தோடு பூட்டிய டிலே நிலைக்காது.

இப்போது அந்தக் கம்பத்தடிக்கே வருவோம். டி.எம்.எஸ். பாட்டு பதிவானபோதே ஸ்டூடியோ அதற்கு ஒரு கூடத்தைக் கொடுத்துவிட்டது. அடுத்தடுத்த குழாய்கள் இரண்டாவது கூடத்தைக் கட்டுகின்றன. மிக்சரில் எக்கோ குமிழைப் பாதி திருகியிருந்தால் அது மூன்றாவது. மண்டபத்துக்குள் நடக்கிற கச்சேரியானால் சிமென்ட் சுவர் நாலாவது. இத்தனை கூடத்துக்குள்ளும் புகுந்து வெளியேறும்போது பாட்டில் மெய்யெழுத்து ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ‘ட’வும் ‘க’வும் சில மில்லிநொடி நேரமே இருக்கும் வெடிப்புகள், நீண்ட வாலில் முதலில் மூழ்குவது அவைதான். உயிரெழுத்து மட்டும் மிதந்துகொண்டிருக்கும். வாழ்த்துரை வழங்குகிறவர் என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோமே, காது மந்தமானதால் அல்ல.

தீர்வு கடினமானதில்லை. 1973-இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் திடலில் சுமார் ஆறு லட்சம் பேர் கூடிய இசை விழாவில், தூரத்து ஸ்பீக்கர் கோபுரங்களுக்குப் போகும் ஒலியை டிஜிட்டல் டிலேயால் காக்கவைத்தார்கள். மேடையின் சத்தம் காற்றில் நடந்து வந்து சேரும் நேரத்துக்குச் சற்றே பின்னால் கோபுரம் பாடும். ஹாஸ் சொன்னபடியே, கேட்பவருக்கு எல்லாம் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். மீட்டருக்கு மூன்று மில்லிநொடி, அதற்கு மேல் ஒரு பத்து, இவ்வளவுதான் கணக்கு. இப்போது வரும் பல டிஜிட்டல் மிக்சரில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

கல்யாணமோ காதுகுத்தோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக் செட்காரரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். யாராவது பேச எழுந்தால் எக்கோவைச் சுழியத்தில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டுக்கு வேண்டுமானால், ஆட்கள் உட்கார்ந்த பிறகு, கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டுவிட்டு, அதன் பிறகு வைக்கச் சொல்லுங்கள்.